துணைக்குப் போனவன்

பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை தெய்வநாயகம் என்றால் சிலருக்குத் தெரியாமல் போகலாம். கல்லாவை விட்டு எழுந்திருக்காத தெய்வநாயகம் என்றால் தெரியாதவர் கிடையாது. அந்தப் பெயரை எனக்கு யார் வைத்தார்கள் என்று இன்று வரை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் எழுந்து போய்க் கேட்டிருக்க மாட்டேன்.

என் எடையை யாரும் உத்தேசமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. எழுபத்தெட்டாம் வருஷம் மே மாதம் ஒரு மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அதில் ஏறி நின்றேன். தொண்ணூற்றெட்டு கிலோ. முழு மூட்டைக்கு இரண்டு கிலோ குறைவு. யாராவது அந்தக் குறையைப் பற்றிக் கேட்டிருந்தால், சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அப்புறம் நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில்தான் என் ஒரே மகள் ருக்குமணிக்கு வேலை உத்தரவு வந்தது. வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நெட்டப்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளிக்கூடம், தற்காலிக வேலை, எங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர். சாயங்காலம் திரும்பி வர பஸ் உண்டு, சைக்கிளையும் கூரைமேல் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். காலையில் வரும் பஸ்தான் பத்தரைக்கு. பள்ளிக்கூடம் ஒன்பதே காலுக்கு.

"நான் சைக்கிள்ல போயிடுவேன்பா" என்றாள். படிக்கும்போது பாண்டியில் மாமன் வீட்டில் இருந்தவள், அங்கேயே ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"தனியா எல்லாம் அனுப்ப முடியாது" என்றேன்.

அந்த ரோட்டில் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால், அதைத் தாண்டி நெல்லும் கரும்பும். நான் பயந்தது கடைத்தெரு வாய்க்குத்தான். அந்த வாயில் பாதி என்னுடையது. எத்தனை வீட்டுப் பெண்களைப் பற்றி உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

என் மனைவி கமலவேணி கேட்டாள்: "அப்ப இன்னாதான் பண்றது? வந்த வேலைய வாணான்னு எழுதிக் குடுத்துடலாமா?"

ருக்குமணி உத்தரவுத் தாளை நான்காக மடித்து, திரும்பப் பிரித்து, திரும்ப மடித்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

"நானே சைக்கிள்ல கூடப் போறேன். வுட்டுட்டு வந்து கடையத் தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கமலவேணி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"சைக்கிளா? நீங்களா?"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு மறக்காது."

"ஒங்களுக்கு மறக்காதுங்க. ஒங்க முட்டிக்கு ஞாபகம் இருக்கா?"

இருபது வயதில் கடலூருக்குப் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். இது உண்மை. இதைப் பதினாறு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. அந்தப் பதினாறு வருஷமும் சைக்கிள் குடோனில், காலி வெங்காயக் கோணிகளைப் போட்டுவைக்கும் கொடியாக இருந்தது.

கடைத்தெருக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சிங்காரவேலு அதை இரண்டு நாளில் சரி செய்து கொண்டுவந்தான். "வண்டி தேறிடுச்சு மொதலாளி, பழய இரும்பு. சீட்டுக்கு டபுள் ஸ்பிரிங்கு போட்டுருக்கேன். அதுக்கு மேல கடவுள் வுட்ட வழி" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒத்திகை பார்த்தேன். ஒரு காலைப் பெடலில் வைத்து, உந்தி, மறுகாலைத் தூக்கிப் போட்டு உட்காருவதுதான் முறை. தூக்குகிற கால் வயிறு வரைக்கும் வந்து, அங்கேயே முடிவை மாற்றிக்கொண்டு திரும்பிவிட்டது. ஆறேழு தடவை இப்படி ஆனதும் ஒரு வழி கண்டுபிடித்தேன். உயரமான கல்லின் மேல் ஏறி நின்று, சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்து, மெதுவாக அதன்மேல் இறங்கிவிடலாம். ஏறுவதற்குத்தான் கல் வேண்டும். இறங்குவதற்கு ஒன்றும் வேண்டாம், அது தானாக நடந்துவிடும்.

எங்கள் ரோட்டில் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கிலோமீட்டர் கல் உண்டு. தூரம் காட்ட நட்டார்கள். எனக்கு அவை ஏணி. ஒரு கல்லில் ஏறி, அடுத்த கல் வரை ஓட்டி, அங்கே விழுந்து, மூச்சு வாங்கி, திரும்ப ஏற வேண்டும். இந்தக் கணக்கோடுதான் ஜூன் மாதம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவும் மகளும் கிளம்பினோம். கடைத்தெருவே நின்று பார்த்தது. நான் ஒரு கையை எடுத்து ஆட்டலாம் என்று நினைத்தேன். அந்தக் கை வரவில்லை.

ருக்குமணி கொஞ்சம் முன்னால் போய் ஒவ்வொரு கல்லிலும் நின்றாள். இரண்டாம் கல்லில் என் வேட்டி செயினுக்குள் போய்விட்டது. வேட்டியை எடுப்பதா, மானத்தைப் பார்ப்பதா என்று கால் மணி நேரம் போயிற்று. பள்ளிக்கூட வாசலை அடையும்போது மணி ஒன்பதே முக்கால். தலைமை ஆசிரியர் வயதானவர், தன்மையானவர். என்னைப் பார்த்ததும் முதலில் நாற்காலி கொண்டுவரச் சொன்னார், பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், அதற்குப் பிறகுதான் மகளிடம், "மொத நாளு, பரவால்லம்மா" என்றார்.

மறுநாள் அரை மணி முன்னால் கிளம்பினோம். அரை மணி கூடுதலாக இளைப்பாறினேன். இருபது நிமிஷம் தாமதம்.

வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் காதில், தலைமை ஆசிரியர் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னது விழுந்தது. "இன்னொரு நாள் லேட்டானா மேல எழுதிப் போடும்படி ஆயிடும்மா. டெம்பரரி போஸ்ட்டு. எழுதிட்டா வேற ஆள போட்டுருவாங்க."

"சரிங்க சார்" என்றாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

மூன்றாம் நாளும் ஏழரைக்கே கிளம்பினோம். இளைப்பாறுவதைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் கல் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே செயின் கழன்றது. அரை மணி போராடி அதை மாட்டிவிட்டு, கை முழுக்க மசியோடு நாலாம் கல்லைத் தாண்டும்போது மணி எட்டு ஐம்பது.

நாலாம் கல்லைத் தாண்டினால் ஒரு கிலோமீட்டர் தமிழ்நாடு. எங்கள் பாண்டிச்சேரி எல்லை அப்படித்தான், அங்கங்கே உள்ளே வந்து வெளியே போகும். எங்கள் எல்லையில் சாராயக்கடை உண்டு. அந்த ஒரு கிலோமீட்டரில் மதுவிலக்கு. ஆகவே எங்கள் ஊர்க் குடிகாரர்கள்கூட அந்த இடம் வந்தால் தோளை நிமிர்த்தி, கோடு போட்ட மாதிரி நேராக நடந்து தாண்டிவிடுவார்கள். பழக்கம் அப்படி. குடிக்காமலே கோணலாகத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

இன்னொரு விஷயம், அந்த ஒரு கிலோமீட்டரில் நம் கல் கிடையாது. நின்றால் திரும்ப ஏற முடியாது என்பதால், இரண்டு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காமலே கடந்திருந்தேன். அன்றைக்குப் புளியமரத்தடியில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். நான் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போவதையும், அந்த ஓரத்திலிருந்து திரும்பி வருவதையும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார்.

"நில்லுய்யா."

நின்றேன். அதாவது, அவர் காலடியில் போய் விழுந்தேன். சைக்கிள் என் மேல் விழுந்தது.

"காலங்காத்தாலயே ஏத்திக்கினு வர்றியா?"

கண் சிவந்திருந்தது. வியர்வை ஊற்றியது. கையெல்லாம் மசி. பதில் சொல்ல நாக்கு வரவில்லை. என்னைப் பார்த்தால் நானே நம்பியிருப்பேன்.

"ஊதுய்யா" என்று முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

ஊதுவதற்கு மூச்சு வேண்டும். இருந்த மூச்சையெல்லாம் நாலாம் கல்லிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

"ஊத மாட்டேன்றான் பாரு. நட, ஸ்டேஷனுக்கு" என்றார்.

முன்னால் போன ருக்குமணி திரும்பி வந்துவிட்டாள். "சார், எங்கப்பா குடிக்க மாட்டாரு சார்."

"எல்லா வூட்டுலயும் இதத்தாம்மா சொல்றாங்க."

அவள் கையில் கட்டியிருந்த கடிகாரம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. எட்டு ஐம்பத்தைந்து. இன்னும் ஐந்து நிமிஷம் அவள் அங்கே நின்றால் வேலை போய்விடும். எழுத வேண்டியதை அந்தத் தலைமை ஆசிரியர் எழுதிவிடுவார், அவர்மேல் தப்பும் இல்லை.

"நீ போ" என்றேன். அதற்கு மட்டும் மூச்சு வந்தது.

"ஒன்ன இப்படி வுட்டுட்டா?"

"போடி. மணி ஆவுது."

"தனியா அனுப்ப மாட்டேன்னியேப்பா."

கையால் ரோட்டைக் காட்டினேன். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறினாள், மிதித்தாள். அவ்வளவு வேகமாக அவள் ஓட்டுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று நாளும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேதான் எனக்கு முன்னால் போயிருக்கிறாள். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

போலீஸ்காரர் என்னைத் தூக்கி மரத்தடியில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஊதினேன். முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.

"இட்லி வாசனதான் வருது" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "எங்கய்யா கெளம்பின?"

"பொண்ணுக்குத் தொணையா சார். பள்ளிக்கூடம் வரைக்கும்."

அவர் ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் ருக்குமணியின் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது, அதுவும் திருப்பத்தில் மறைந்தது. திரும்பி என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"அதுக்கு நீ தொணை. சரி. ஒனக்கு யாரு தொணை?"

கல் இல்லாததால் அவரே தோள் கொடுத்து என்னைச் சைக்கிள் மேல் ஏற்றிவிட்டார். தள்ளியும் விட்டார்.

கடைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. தெய்வநாயகம் காலையிலேயே குடித்துவிட்டு எல்லையில் போலீசிடம் மாட்டிக்கொண்டான் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. வேண்டுமென்றே வந்து கால் கிலோ புளி வாங்கிக்கொண்டு என்னை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ருக்குமணி தனியாகப் போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதற்கு அவர்களுக்கு நேரம் இல்லை. என் பெண்ணின் பெயரை நான் காப்பாற்றிய விதம் அதுதான்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள்.

"எத்தன மணிக்குப் போன?"

"ஒம்போது பத்து. சாருக்கு முன்னாடி நான்தான் போனேன்."

"நாளையிலேர்ந்து நீயே போய்க்க" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். இதைச் சொல்ல ஒரு போலீஸ்காரர் தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

சைக்கிளைக் குடோனில் போடப் போனபோது கமலவேணி தடுத்தாள். "அத எதுக்கு உள்ள போடறீங்க? மூணு நாளா ஒங்க கொறட்ட இல்லாம தூங்கறேன் நானு." ஆகவே தொடர்ந்தேன். ஏழரைக்கு நான் கிளம்புவேன். எட்டேகாலுக்கு ருக்குமணி கிளம்புவாள். மூன்றாம் கல் பக்கத்தில் என்னைப் பிடிப்பாள், மணியை ஒரு தடவை அடிப்பாள், தாண்டிப் போய்விடுவாள். நான் அங்கேயே இளைப்பாறித் திரும்புவேன். கடைத்தெருவில் யாராவது கேட்டால், "பொண்ணுக்குத் தொணையா போய்ட்டு வரேன்" என்பேன். கேட்டவர்கள் சிரிக்காமல் தலையாட்டுவார்கள், மளிகைக்கு என்னிடம்தானே வர வேண்டும். ஐப்பசியில் தராசில் ஏறினேன். தொண்ணூற்றொன்று. ஏழு கிலோவை அந்த ரோட்டில் எங்கேயோ விட்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. முதல் கல்லுக்குப் பக்கத்து டீக்கடையில் சைக்கிளைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். சூடாக வடை வந்தது. ஒன்று என்று ஆரம்பித்தேன், ஏழு கிலோவில் கொஞ்சம் அன்றைக்குத் திரும்பி வந்திருக்கும். ருக்குமணி மழைக்கோட்டோடு கடந்து போனதைக் கவனிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கடைக்குள் வந்தவள் உட்காரவில்லை.

"காலையில எங்க இருந்த?"

"டீக்கடையில. மழை வந்துச்சே."

"சொல்ல மாட்டியா? மூணாங் கல்லுல ஒன்னக் காணோம். நாலாங் கல்லு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். ரெண்டு பக்கமும் வாய்க்கா நெறயத் தண்ணி ஓடுது. எறங்கி எறங்கிப் பாத்துக்கினே போனேன். பெல்லு அடிக்கறப்பதான் உள்ள பூந்தேன்."

அந்த வாய்க்கால் என்னைத் தாங்காது என்று ஒரு வேடிக்கை வாயில் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். வேலையே போகட்டும் என்று என்னைத் தேடி வாய்க்காலில் இறங்கியிருக்கிறாள். புடவை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

மறுநாள் மழை விடவில்லை. ஏழரைக்குக் கிளம்பினேன். மூன்றாம் கல்லில் அவள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி ரோட்டோரம் நின்றேன். வந்தாள், மணியை அடித்தாள், போனாள்.

இப்போதெல்லாம் கடைத்தெருவில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் என் பெண் வேலைக்குப் போகிற வழியில் நான் நன்றாக இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். அதற்காகத்தான் நான் போய் நிற்கிறேன்.