முப்பத்தெட்டு என்று சொன்ன கை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம் என்று என் மனைவி சொல்வாள். எந்தத் தண்ணீரைக் கண்டாலும் உள்ளே விட்டுப் பார்த்துவிடுவேன். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் டையிங் மாஸ்டர். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மெஷினில் திரை கிடையாது, எண்கள் மின்னாது. தொட்டியில் கையை விட்டு, "அம்பது டிகிரி வந்திருச்சு, சோடாவப் போடு" என்று சொல்வதுதான் மாஸ்டரின் வேலை. இப்போது எல்லாம் பேனலில் தெரிகிறது. ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் கையை விட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பேனலைக் காட்டுவது எனக்கு ஒரு விளையாட்டு. கடைசியாக எப்போது அந்த விளையாட்டில் ஜெயித்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. பேனலைப் பார்த்துவிட்டுக் கையை விட்ட நாட்கள்தான் ஞாபகம் வருகின்றன.

என் மனைவிக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாகப் பாதத்தில் உணர்ச்சி இல்லை. செருப்புக் கழன்றாலும் தெரியாமல் நாலு எட்டு நடந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவளுடைய அண்ணனுக்கு இப்படித்தான் காலில் ஒரு கொப்புளம் வந்தது. கவனிக்காமல் விட்டார். முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் கொப்புளம் என்ற சொல்லையே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவளுக்கோ சுடுதண்ணீர் இல்லாமல் குளியல் இல்லை. மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டர் வெயில் காலத்தில் முட்டை அவிக்கிற சூட்டில் தண்ணீரைக் கொடுக்கும். குழாயைத் திருகி, பச்சைத்தண்ணீரைக் கலந்து, சரிபார்த்து உட்காருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். அதனால் தினமும் காலையில் நான்தான் வாளியில் விளாவி, கையை விட்டுப் பார்த்துக் கொடுப்பேன். நான் நைட் ஷிஃப்ட் போகும் நாட்களில் அவள் குளிக்காமல் காத்திருப்பாள். ஒருநாள் எங்கள் டாக்டர், "குழாயில் தெர்மோஸ்டாட் வைத்த மிக்சர் மாட்டிவிடுங்கள், இரண்டு தண்ணீரையும் அதுவே கலந்து கொடுக்கும், வைத்த சூட்டுக்கு மேல் தண்ணீர் வராது" என்றார். வாசலுக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

பிளம்பர் தேனிப் பக்கத்துக்காரர், நிதானமான ஆள். நான் அவசரக்காரன் என்பதால் அவர் நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதலில் இரண்டு லைனையும் திறந்துவிட்டு, உள்ளே கிடந்த துருவும் மண்ணும் போகிறவரை ஒரு வாளித் தண்ணீரை வீணடித்தார். சுடுதண்ணீர் இடது பக்கம்தானா என்று இரண்டு முறை பார்த்தார். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து உள்ளே இருக்கும் கருவி இறுகிவிடும் என்று இரண்டு லைனையும் ஆற்றுத்தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்தார். மேலே ஷவர், கீழே ஒரு குழாய், வலது ஓரத்தில் எண் போட்ட திருகு. முப்பத்தெட்டில் ஒரு சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினால்தான் அதற்கு மேல் திருகும். தெரியாமல் கை பட்டாலும் சூடு ஏறாது.

எல்லாம் முடிந்து, அந்தத் திருகை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், தெர்மாமீட்டர் இருக்கா? தண்ணி முப்பத்தெட்டு வர்ற எடத்துல நிறுத்தி, அப்பறம்தான் இதை மாட்டணும். கம்பெனி செட்டிங் ஒவ்வொரு வீட்டுக்கும் மாறிப்போகும்."

"தெர்மாமீட்டரா? நானு எதுக்கு நிக்கறனுங்க?" என்றேன்.

"இல்ல சார், பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு..."

"பேப்பர் எழுதுனவன் எத்தன வருசம் சாயத்தண்ணில நின்னானாமா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குங்க? தொறந்து உடுங்க."

அவர் உள்ளே இருந்த தண்டை மெல்லத் திருப்பினார். நான் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு, "இன்னும், இன்னும், பத்தாது, இன்னுங் கொஞ்சம்" என்றேன். இதமாக ஒரு வெதுவெதுப்பு வந்தது. "நிறுத்துங்க. இதுதான் முப்பத்தெட்டு." அவர் தன் கையை நீட்டப் போனார். தண்ணீரை நிறுத்திவிட்டு நான், "மாட்டுங்க" என்றேன். மாட்டிவிட்டார். கிளம்பும்போதும், "ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பாத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போனாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழ்க்குழாயின் அடியில் அகலமான டப்பை வைத்து, அதில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு தலைக்கு அரப்புத் தேய்த்திருக்கிறாள். தேய்த்து முடித்து ஷவரைத் திறந்ததும் ஒரு அலறல்.

"ஏனுங்க! தண்ணி பொசுக்குதுங்க!"

ஓடினேன். ஷவரின் அடியில் கையை நீட்டினேன். நேற்று இருந்த அதே வெதுவெதுப்பு. திருகு முப்பத்தெட்டில் நிற்கிறது, சிவப்புப் பொத்தான் அமுங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. காசைக் கொட்டி மாட்டிய மறுநாளே குறை சொல்கிறாளே என்று.

"எங்க சுடுது? நல்லாத்தான இருக்குது. இங்க பாரு, நானு கைய வெச்சுட்டுத்தான நிக்கறேன்?"

அவள் என் கையைப் பார்த்தாள். கை தண்ணீருக்குள் அசையாமல் இருந்தது.

"செரி, எனக்குத்தான் தல எரியுதோ என்னமோ. தலைக்குப் பச்சத்தண்ணி வாத்துக்கறேன். காலுக்கு இதே இருக்கட்டும்" என்றாள்.

தன் தலை சொன்னதை விட்டுவிட்டு என் கை சொன்னதை அவள் நம்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, நான் ஜெயித்த நினைப்பில் பேப்பர் படித்தேன்.

மதியம் ஒரு மணிக்குச் சோறு போட வந்தாள். சமையலறையிலிருந்து மேசைவரை தரையில் ஈரத்தடம். "காலத் தொடைக்காம வந்தியா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு உறைத்தது. அவள் குளித்தது ஒன்பது மணிக்கு.

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதத்திலும் தோல் சிவந்து, விரல்களின் மேல் வரிசையாக நீர் கோத்து நின்றது. இடது காலில் ஒன்று உடைந்து, அதுதான் தரையெல்லாம் நனைத்திருந்தது. அவள் குழம்புக் கிண்ணத்தைக் கையில் வைத்தபடி, "என்னங்க? என்ன பாக்கறீங்க?" என்றாள். அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவளுடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் போர்வையை விலக்கிக் காட்டியது கண்முன் வந்தது.

டாக்டர் காயத்தைக் கழுவிக்கொண்டே, "தண்ணீர் எவ்வளவு சூடு?" என்றார்.

"முப்பத்தெட்டுங்க."

"முப்பத்தெட்டில் கொப்புளம் வராதுங்க."

"நானே வெச்சேனுங்க டாக்டர். இந்தக் கையில" என்று கையைக் காட்டினேன். அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. மிக்சர் பழுது, நாளைக்கே கடையில் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போய் லேபிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துவந்தேன். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு கருவியையும் வருடத்துக்கு ஒருமுறை அனுப்பிச் சரிபார்த்து, சீட்டு ஒட்டி வைப்போம். ஆடிட் வருகிறவர்கள் முதலில் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார்கள். என் கையை மட்டும் முப்பது வருடமாக யாரும் எங்கும் அனுப்பவில்லை.

குழாயைத் திறந்து வலது கையை நீட்டினேன். இதமாக இருந்தது. இடது கையால் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். நாற்பது, நாற்பத்தைந்து, ஏறிக்கொண்டே போய் ஐம்பத்தொன்றில் நின்றது. பழுது தெர்மாமீட்டரில்தான் என்று தோன்றியது, அவ்வளவு கொழுப்பு. அப்போது வழுக்கி வலது கை முன்னே போய், முழங்கையின் உள்பக்கம் தண்ணீரில் பட்டது. கத்திவிட்டேன். அதே தண்ணீர், அதே நொடி. முழங்கை பொசுங்கியது, உள்ளங்கை இதமாக இருந்தது. குழாயை மூடினேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மிக்சர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எந்தச் சூட்டை முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொடுத்தேனோ அதை அது பிசகாமல் கொடுத்திருக்கிறது. இத்தனை நாள் வாளியில் அவளைக் காப்பாற்றியது என் கை இல்லை, கண்ணளவாக நான் ஊற்றிய பச்சைத்தண்ணீர்.

மறுநாள் கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையும் உட்காரச் சொல்லி, கையை நீட்டிக் கண்ணை மூடச் சொன்னார். அவளுடைய பாதத்தில் வழக்கமாகத் தொட்டுப் பார்க்கும் அதே நைலான் இழையை எடுப்பது தெரிந்தது. தொடும்போது சொல்ல வேண்டும் என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பங்க ஆரம்பிக்கறீங்க?" என்றேன்.

"பத்து இடத்தில் தொட்டுவிட்டேன்" என்றார்.

கண்ணைத் திறந்தேன். தன் காலுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் மனைவி, என் கையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாயத்தொட்டியின் சூடும் சோடாக் காரமும் கையின் உணர்ச்சியைத் தின்றதா, எனக்கும் சர்க்கரையா, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் காலை நான்தான் தினமும் இந்தக் கையால் தடவி, காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளம்பர் அன்று மாலையே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்து, தண்டை மெல்லத் திருப்பி, முப்பத்தெட்டில் நிறுத்தி, திருகை மாட்டினார். ஐந்து நிமிட வேலை. பிறகு தன் கையையும் வைத்துப் பார்த்தார்.

இடது காலின் புண் ஆறுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் ஒரு வாரம் சுண்டுவிரல் கறுத்தது. அந்த வாரம் நான் தூங்கவில்லை. எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, "போச்சாதுங்க, ஒரு வெரல்தான" என்று அவள் எனக்குத் தேறுதல் சொன்னாள். விரல் பிழைத்துக்கொண்டது. பட்டறையிலும் முதலாளியிடம் என் கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இப்போது பேனலைப் பார்க்காமல் எண் சொல்வதில்லை.

காலை நனைக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, அவளை ஸ்டூலில் உட்காரவைத்துக் குழாயைத் திறந்தேன். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. எடுத்துப் பிடித்தேன், முப்பத்தெட்டு. ஒருமுறை இல்லை, மூன்று முறை பார்த்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அவள் காலை நீட்டவில்லை. எப்படி நீட்டுவாள் என்று நினைத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் என் கையைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனேன்.

அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. மொதல்ல நானு பாக்கறேன். அப்பறம் நீங்க கைய வைங்க" என்று சொல்லி, தன் முழங்கையைத் தண்ணீரில் நீட்டினாள்.