பனங்கட்டையில் ஒரு ஜோடி நீல வார் செருப்பு

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் நடந்தது இது.

அங்கே ஒரு குடும்பம் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைத்து வந்தது. அண்ணன், அவர் மனைவி, தம்பி என மூன்றே பேர். அவர்களுடைய நெல் நிலத்தில் உப்புத் தண்ணீர் ஏறி, தொடர்ந்து மூன்று போகம் பதராகப் போயிருக்கிறது. விற்றுவிடலாம் என்று அண்ணன் முடிவு செய்திருந்த சமயத்தில், பூநாரை பார்க்க வந்த இரண்டு பேர் அவர்கள் வரப்பிலேயே கூடாரம் அடித்துத் தங்கினார்களாம். அதைப் பார்த்துத்தான் தம்பிக்கு யோசனை வந்தது. நான்கு கூடாரத்தில் தொடங்கி ஒன்பதுக்கு வந்தார்கள். தேர்வாய் கண்டிகை ஆலைகளில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு போவோம். அண்ணன் மனைவியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் ஓரிடத்தில் யாரோ எப்போதோ மண் எடுத்த பள்ளம் இருந்தது. அதனால் தம்பி ஒரு சட்டம் வைத்திருந்தார். தண்ணீரில் இறங்குகிறவர்கள் கரையில் கிடக்கும் பனங்கட்டையின் மேல் செருப்பை விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் போட்டுக்கொள்ள வேண்டும். பொழுது சாயும்போது அக்கா வந்து கட்டையைப் பார்ப்பார். கட்டை காலியாக இருந்தால் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் உடனே படகு போகும்.

எனக்கு எதையும் எழுதிவைக்கிற பழக்கம். வேலையும் தரப் பரிசோதனைதான். நான் எழுதுவதைப் பார்த்து, "இன்னா சார், செருப்பையும் நோட்டுல ஏத்திட்டீங்களா? என் வேலைய நீங்களே பாத்துக்கினா நான் போய்க் கொஞ்சம் படுப்பேன்" என்று அக்கா கிண்டல் செய்வார்.

அன்று மாலை காற்று மாறித் தூறல் போட்டது. எல்லோரும் ஓடிவந்து கூடாரங்களுக்குள் நுழைந்தார்கள். கட்டையில் ஒரே ஒரு ஜோடி செருப்பு நனைந்துகொண்டிருந்தது. நீல வார், இடது குதிகால் தேய்ந்தது. தங்க வந்தவர்கள் பதினொரு பேர் என்பது எனக்குத் தெரியும். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேரும் வந்திருந்தார்கள். யாரோ அவசரத்தில் வெறுங்காலோடு ஓடிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, செருப்பை எடுத்துப்போய்ச் சமையல் கொட்டகையில் ஈரம் படாத மூலையில் ஒழுங்காக வைத்தேன். வீட்டு ஆட்களை நான் எண்ணவில்லை. தம்பி எப்போதும் படகில்தான் போவார். அன்று படகுக்குத் தார் பூசிக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பள்ளத்தைக் காட்டும் கழி காற்றில் சாய்ந்துவிட, அதை நட்டுவிட்டு வர அவர் நடந்தே இறங்கியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா குடையோடு வந்து கட்டையைப் பார்த்துவிட்டுச் சமைக்கப் போனார்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, தம்பி எங்கே என்று அண்ணன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைக்கு ஓடினேன். செருப்பை எடுத்துவந்து, எடுத்த இடத்திலேயே வைத்து, "செருப்பு இங்கே இருக்கு" என்று கத்தினேன். விளக்கிச் சொல்ல அப்போது நேரமில்லை என்பது உண்மை. அது மட்டும்தான் உண்மை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணன் டார்ச் அடித்துக் கட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இங்கதான கீது. நீ இன்னாத்தப் பாத்த?" என்றார்.

"நான் பாக்கச் சொல்ல, அந்த நேரத்துல இல்லீங்க" என்றார் அக்கா. அதற்குள் அண்ணன் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

தம்பியைப் பள்ளத்தின் விளிம்பில் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை. முன்பே தேடியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பந்தலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு அங்கே கூடாரம் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். அண்ணன் தன் மனைவியோடு பேசுவதில்லை, சோற்றைக்கூடத் தானே போட்டுக்கொள்கிறார் என்று அந்த ஊரிலிருந்து ஆலைக்கு வரும் ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் பல மாதங்கள் போகவில்லை.

வருஷ திதியன்றுதான் போனேன். அக்கா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றது.

"எங்க வெச்சீங்க?"

கொட்டகையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், என்றேன்.

"அப்ப நான் பாக்கச் சொல்ல கட்ட காலியாத்தான் இருந்துச்சு."

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சுன்னு நானே நெனச்சிக்கினேன் சார். தெனம் போய் அந்தக் கட்டையப் பாப்பேன்." பிறகு, கோபம் இல்லாத குரலில் கேட்டார்: "ஒரு வருசமா இன்னா சார் எழுதிக்கினு இருந்தீங்க?"

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார். "சார் ஒன்னு சொல்றாரு, கேளுங்க" என்றார். அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போய் இலை முன்னால் உட்கார்ந்தார்.

"சோறு போடு" என்றார் மனைவியிடம்.

அக்கா போட்டார். வாசலில் நின்ற என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க முடியாது. வரும் வழியில் பார்த்தேன், பனங்கட்டை பாதி சேற்றில் புதைந்து கிடந்தது.

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே காற்று, தூறல், வந்தவர்கள் பதினொன்று என்று மட்டும் இருந்தது. திதியன்று வீட்டுக்கு வந்து, மீதியை வேறு மையில் எழுதினேன். செருப்பை எடுத்தது தெரியாமல் செய்தது. சொல்லாமல் இருந்த அந்த ஒரு வருடத்தின் ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்தது என்பதை, அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் என் கையெழுத்திலேயே படித்துக்கொள்கிறேன்.