சாயா கணக்கில் வராது

காப்பி உடலுக்குக் கெடுதியா என்பது பற்றிச் சென்ற மாதம் இப்பத்தியில் உறுதியாகத் தீர்ப்பு வழங்கியிருந்தேன். எதை நம்பி? காலையில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை நம்பி. அதற்கு நேர்மாறான செய்தி மாலையில் வந்தது. ஆகவே, இவ்வாரம் நானே கண்டதையும், ரத்த அழுத்தக் கருவி காட்டியதையும் தவிர வேறொன்றும் எழுதுவதாக இல்லை.

கருவி காட்டியது நூற்று ஐம்பத்திரண்டு.

தம்பானூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மலையாளப் பெண். என் மகளுடன் படித்தவர். "ரெண்டு ஆழ்ச்ச கஃபீன் வேண்டா, அங்கிள். பின்னெயும் குறையலேன்னா மாத்திரைதான். தொடங்கினா நிறுத்த முடியாது" என்றார்.

ஆயுள் முழுவதும் மாத்திரையா? அந்த இரண்டு வாரமும் காப்பியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

கரமனை அக்கிரகாரத்தில் இஃது எளிய காரியமன்று. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், நாம் உட்காருமுன் டபரா வந்துவிடும். மறுத்தால், "ஏன், எங்காத்துக் காப்பி உமக்கு இறங்காதோ?" என்பார்கள். மூன்று வீடுகளில் மறுத்தேன். ஒரு வீட்டார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாளே தலைவலி. தாளமாட்டாமல் பஸ் ஏறிப் பழவங்காடிப் பிள்ளையாரைச் சரணடைந்தேன். தலைவலி போயிற்று. அன்றுமுதல் நாள் தவறாத தரிசனம்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு போறேள், தெளிஞ்சு வரேள். பிள்ளையார் உங்களுக்குன்னு தனி வைத்தியம் பண்றாரா?" என்றாள் மனைவி.

"பக்தி" என்றேன்.

பக்தியில் ஒரு பங்கு கோயிலுக்கு எதிரேயுள்ள சாயாக்கடையைச் சேர்ந்தது. அதை நான் மறைக்கவில்லை. சொல்லத்தக்க செய்தியாகத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் சாயா, அதாவது தேநீர், வெந்நீருக்குச் சற்றே மேம்பட்ட ஒன்று… அதை யார் கணக்கில் சேர்ப்பார்?

இரண்டு வாரம் கழிந்தது. கருவி நூற்று ஐம்பது காட்டியது.

"பார்த்தேளா டாக்டர், காப்பி மேல ஒரு குத்தமும் இல்லை" என்றேன், வழக்கில் வென்ற வக்கீலின் குரலில்.

"காப்பிக்குப் பதிலா எந்தா குடிச்சது, அங்கிள்?"

"ஒண்ணுமில்லை. சாயா. அதுவும் நாளைக்கு நாலு… அஞ்சுக்கு மேல போகாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சாயயிலும் கஃபீன் உண்டல்லோ, அங்கிள்."

அருகே அமர்ந்திருந்த மனைவி மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்: "பிள்ளையார் ஸ்ட்ராங்காத்தான் போட்டுக் கொடுத்திருக்கார்."

டாக்டருக்கு இரக்க மனம். மாத்திரை எழுதாமல் மேலும் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். இம்முறை காப்பியும் கிடையாது, சாயாவும் கிடையாது. தரிசனத்துக்கு மனைவியும் உடன் வருகிறாள்.

இன்று நான்காம் நாள். இதுவரை உறுதியானது என் தலைவலி ஒன்றே. காப்பி என் உடலுக்குத் தீங்கா? தெரியவில்லை. மாத்திரை வேண்டியிருக்குமா? தெரியவில்லை. எஞ்சிய பத்து நாளில் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்கிறார் டாக்டர்.

விடையைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் உண்டா என்பதும் தெரியவில்லை.