தள்ளாத வண்டி

என் அத்தை ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறையில் வேலை பார்க்கிறார். சமைப்பது அவர் வேலையில்லை. சமைத்ததைத் தட்டுகளில் வைத்து, இரும்பு வண்டியில் அடுக்கி, வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வேலையாக இருந்தது. அந்த வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் ஒரு பக்கமாக இழுக்கும். இடுப்பால் முட்டுக் கொடுத்தே தள்ளிப் பழகியதால், கடைவீதியில் கைவீசி நடக்கும்போதும் அத்தை கொஞ்சம் சாய்ந்துதான் வருவார். குரல் மட்டும் நேராகப் போகும். சமையலறையில் அவருக்கு 'மைக்செட்' என்று பெயர்.

போன வருடம் அத்தையின் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி எதையும் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி தள்ள முடியாதவருக்குச் சமையலறையில் வேறு என்ன வேலை? அத்தை தூக்கம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், தானே ஓடும் வண்டி ஒன்று வரப்போகிறது என்ற செய்தி வந்தது. வாயால் சொன்னால் போதும், அதுவே லிஃப்டில் ஏறி வார்டுக்குப் போய்விடுமாம். உட்கார்ந்தபடி அதை அனுப்பிவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தை அத்தை வாய்விட்டுக் கேட்டார்.

"ஒரு மத்தியானச் சாப்பாட்டை முழுசா அனுப்பிக் காட்டுங்க. சரியா வந்தா வேலை உங்களுக்கு. இல்லன்னா வீட்டுல ரெஸ்ட் எடுங்க," என்றார் மேலாளர்.

வீட்டில் மாமா, "உனக்குத் தள்ளாத வயசு வந்துடுச்சு, அங்க தள்ளாத வண்டி வந்துடுச்சு. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்," என்றார். அன்று அவருக்குக் காப்பி ஆறித்தான் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. அத்தை சொன்னதோடு, தலைமைச் சமையல்காரரான மாஸ்டர் சிரித்துச் சிரித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டியோடு கம்பெனியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். அத்தைக்கு அவர் உடனே 'தம்பி' ஆகிவிட்டார். அத்தை தட்டுகளை அடுக்கினார். வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "பெண்கள் வார்டுக்குப் போயிட்டு வா," என்றார்.

வண்டி போனது. எல்லோரும் கைதட்டினார்கள். மாஸ்டர் அடுத்த அண்டாவைத் திறப்பதற்குள் திரும்பி வந்து நின்றது. ஒரு தட்டுகூடக் குறையவில்லை.

போன் அடித்தது. மேலே இருந்த நர்ஸ். "என்னக்கா, சாப்பாடு வந்து எட்டிப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடுச்சு! யார் மேல கோவம்?"

தம்பிக்குக் காரணம் புரிந்துவிட்டது. "அக்கா, போயிட்டு வான்னு சொன்னீங்க. அது போச்சு, வந்துடுச்சு. வெறும் 'போ'ன்னு சொல்லுங்க. தட்டை எல்லாம் எடுக்கிற வரைக்கும் அங்கேயே நிக்கும்."

"சாப்பாடு கொண்டுபோறதைப் பாத்து 'போ'ன்னு விரட்டுறதா? அதுவும் ஆஸ்பத்திரியில?"

"அது மெஷின்க்கா. வருத்தப்படாது."

"அது வருத்தப்படாது தம்பி, என் வாய் வருத்தப்படும்."

ஆனாலும் வேலை வேண்டுமே. மூச்சை இழுத்துக்கொண்டு, "பெண்கள் வார்டுக்குப் போ..." என்று ஆரம்பித்தார். வாய் நிற்கவில்லை. "...யிட்டு வா," என்று முடிந்தது. மாஸ்டர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். வண்டி மறுபடி போய், மறுபடி வந்தது.

"வெறுங்கையோட நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரங்க மாதிரி இருக்குக்கா!" என்றார் போனில் நர்ஸ்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அத்தைக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது.

"ஏண்டா, கொண்டுபோனதைக் குடுக்காமயா திரும்பி வருவே? ஒழுங்கா பெண்கள் வார்டுக்குப் போயி, குடுத்துட்டு வா!"

வண்டி போனது. உடனே வரவில்லை. "கேட்டுச்சே! திட்டினதை அப்படியே கட்டளையா எடுத்துக்கிச்சுக்கா!" என்று தம்பி துள்ளினார். ஆனால் அது அதற்குப் பிறகும் வரவில்லை. ஆண்கள் வார்டுத் தட்டுகள் மேசையில் காத்துக் கிடந்தன. போன் மறுபடி அடித்தது.

"ஒரு தட்டு மிச்சமிருக்கு. அந்தம்மாவுக்கு ஆபரேஷன், சாப்பிடக் கூடாது. இது வாசலை அடைச்சுக்கிட்டு நகர மாட்டேங்குது!"

கொடுத்துவிட்டு வா என்றால் கொடுக்காமல் வராதாம். தம்பி மடிக்கணினியைத் திறந்து, "ஒரு நிமிஷம் சார்," என்றார். அது எந்த ஊர் நிமிஷமோ. அத்தை லிஃப்டில் ஏறிவிட்டார்.

கட்டிலில் இருந்த அம்மாள், "வேண்டாம் வேண்டாம்னாலும் விட மாட்டேங்குது. எங்க மாமியாரே தேவலை," என்றார்.

அத்தை அந்தத் தட்டைக் கையில் எடுத்ததும் வண்டிக்கு உயிர் வந்தது. தட்டை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தொடாமல், கைவீசி, அதன் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

மேலாளர் தம்பியிடம் திரும்பினார். "அனுப்ப ஒரு ஆள், கூட்டிட்டு வர ஒரு ஆள். அப்புறம் எதுக்குப்பா இது?"

"ஒரு வாரத்துல சரி பண்ணிடுறேன் சார். யாருக்குச் சாப்பாடு வேண்டாம்னு முன்னாடியே அதுக்குச் சொல்லிடலாம்."

"அதை அப்புறம் சொல்லுங்க. ஆண்கள் வார்டுல பசியோட இருக்காங்க," என்ற அத்தை, யாருக்குச் சாப்பாடு வேண்டாம் என்று போனில் கேட்டுக்கொண்டு அடுத்த வரிசையை ஏற்றி, "குடுத்துட்டு வா," என்று அனுப்பினார். அதன் பிறகு எந்த வார்டுக்கும் தட்டு தவறவில்லை. கடைசி வண்டி காலியாக வந்து நின்றதும் மேலாளர், "நாளையிலிருந்து இதைப் பாத்துக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொன்னால் பொய். உடன் வண்டி தள்ளிய இன்னொரு அக்காவைப் பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அவர் இன்றும் அந்த வண்டியை முறைத்துக்கொண்டுதான் போவார். அவரையும் தன் பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லி அத்தை மேலாளரை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

வேலை கிடைத்த அன்று மாலை அத்தை செருப்பைக் கழற்றும் முன்பே, "எனக்கு நாற்காலி போட்டுட்டாங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"சுத்துற நாற்காலியா?" என்று மாமா கேட்டார்.

"சுத்துறது மட்டுமா? ஏத்தலாம், இறக்கலாம். நான் ஏத்தியே வச்சிருக்கேன்."