பித்தப்பைக்கு யாராவது அழுவார்களா?

போன மாதம் ஒரு காலை. மாடி வீட்டு வைதேகி, கையில் காபி டம்ளரோடு இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எங்கள் மயிலாப்பூர் அபார்ட்மென்ட்டில் குழந்தைகளுக்கு வீணை சொல்லித் தருபவள். என் வயதுதான் – இருவரும் ஐம்பதைத் தொடப்போகிறோம்.

உங்களுக்குப் பித்தப்பை எடுத்தார்களே, எனக்கும் அதையேதான் எடுக்க வேண்டுமாம் என்றாள். பயத்தில் இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டாயிற்றாம். மூன்றாவது தேதி அடுத்த வாரம். அதையும் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறாளாம்.

நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். வலி தெரியாது, எண்ணெய்ப் பலகாரம் மட்டும் கொஞ்ச நாள் கூடாது... எவ்வளவு சரளமாகப் பேசினேன் தெரியுமா?

இங்கே உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாலு மாதத்துக்கு முன் இந்தப் பக்கத்தில், ‘பித்தப்பைக் கல் ஆபரேஷன், அதனால் சில வாரம் லீவு’ என்று எழுதினேன் அல்லவா? அது பொய். எனக்கு எடுத்தது கர்ப்பப்பை.

இரண்டு வருடமாக ஃபைப்ராய்டு கட்டி, ஓயாத உதிரப்போக்கு. எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் டாக்டர். சரி, ஊருக்கு என்ன சொல்வது? அபார்ட்மென்ட் செக்ரெட்டரி மாமாவிடமும் கணவரின் ஆபீஸிலும் கர்ப்பப்பை என்று எப்படிச் சொல்வது? பித்தப்பை என்றால் யாரிடமும் சொல்லலாம். உடம்புக்குள்ளேயே மரியாதையான உறுப்பு, மரியாதை இல்லாத உறுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோமே!

பார்க்க வந்தவர்கள் எல்லாம் கல்லைக் காட்டினார்களா, எத்தனை கல் என்று கேட்டார்கள். நான் மூன்று என்றேன். என் கணவர் வாசலில் வேறொருவரிடம் ஏழு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசகர்களான நீங்கள் வாழைத்தண்டு ஜூஸ் குறிப்புகளாக அனுப்பித் தள்ளினீர்கள். அது கிட்னிக் கல்லுக்கு. அன்புக்கு எந்தக் கல் என்றா தெரியும்?

ஆறே வாரத்தில் உடம்பு தேறிவிட்டது. செக்கப்பில் டாக்டர், பெர்ஃபெக்ட் என்றார். மனசுதான் தேறவில்லை.

ஒருநாள் பாண்டி பஜார் பக்கம் சூப்பர் மார்க்கெட்டில் மாத சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். கை வழக்கம்போல நாப்கின் இருக்கும் அலமாரிக்குப் போனது. சட்டென்று நின்றது. அங்கேயே கண்ணில் தண்ணீர்... முப்பத்தைந்து வருடம் மாதாமாதம் சபித்த தொல்லை. ஒழிந்ததென்று கொண்டாட வேண்டாமா? பிரிவு உபசார விழாகூட வைக்காமல் ரிட்டயர் ஆக்கி அனுப்பியது போல இருந்தது எனக்கு.

வீட்டில் அழுதால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். யாரிடம் சொல்வது? பொய் வியாதிக்குக் கிடைக்கிற ஆறுதல், நிஜ வலிக்குப் போய்ச் சேர்வதில்லை. அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

வைதேகியிடம் வருகிறேன். நான் எண்ணெய்ப் பலகாரத்தில் இருந்தபோது அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டேளே? எடுத்தப்புறம்... அழுகை வருமா?”

பித்தப்பைக்கு யாராவது அழுவார்களா?

“வைதேகி, எனக்கு எடுத்தது பித்தப்பை இல்லை” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கும் அது இல்லை” என்றாள்.

ஒரே மாடிப்படி. ஒரே ஆபரேஷன். ஒளிந்துகொள்ள இருவருக்கும் கிடைத்தது ஒரே பித்தப்பை! முதலில் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள், நானும் அழுதேன். அன்றைக்குக் குழாயைத் திறக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அழுகை வரும், காரணமே இல்லாமல் வரும், வந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல். நான் பெர்ஃபெக்ட் என்ற வார்த்தைக்கு மயங்கி வாயை மூடிக்கொண்டு வந்ததுதான் தப்பு. மாதக்கணக்கில் தனியாகச் சுமந்தது அதைவிடப் பெரிய தப்பு. ஆறு வாரத்துக்குக் கனமாக எதையும் தூக்கக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணு என்றேன். அவள் தேதியைத் தள்ளிப் போடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் கணவர் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் – போன வியாழக்கிழமை – பகல் பதினொரு மணிக்கு போன். எடுத்தால் பேச்சே இல்லை, அழுகை மட்டும். எழுதிப் பிழைக்கிறவள் நான். ஆறுதலாக நாலு வார்த்தை வந்திருக்க வேண்டும், வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, வெச்சுடறேன். அடுப்புல குக்கர் இருக்கு, எறக்கணும்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. “நீ தூக்காதே. அவரைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லு.”