மஞ்சள் கரிசலாங்கண்ணி

எனக்கு ஓட்டை வாய் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வருஷம் அம்மாவுக்கு வேறு வழியில்லை. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிய மாமாவுக்கு, தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமான பத்தாம் நாள் காமாலை வந்துவிட்டது. பெண்ணுக்கு ஊர், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நெரவி. பெண் பார்க்கப் பெரியவர்கள்தான் போனார்கள், நான் பார்த்ததில்லை. விஷயம் அங்கே எட்டினால் கல்யாணம் நின்றுவிடும். கேட்டவர்களிடம் வெறும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, அம்மா தினமும் மஞ்சள் கரிசலாங்கண்ணியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். அதைப் பறித்து வரும் பொறுப்பு ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு.

முதல் நாள் வாய்க்கால் கரையில் மஞ்சளாகப் பூத்திருந்ததையெல்லாம் பிடுங்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டேன். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“இது வெட்டுக்காயப் பூண்டுடி. காம்பு எப்படி ஒசந்து நிக்குது பாரு. கரிசலாங்கண்ணி தரையோட படரும். கசக்குனா விரல்ல கறுப்பு ஏறும்.” ஒன்றைத் தேடிப் பிடித்துக் கசக்கியும் காட்டினாள். “யாருக்கு மருந்து?”

“சைகோன் மாமாவுக்கு. காமாலை. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, தையில கல்யாணம்.”

அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

மறுநாளிலிருந்து நான் போகும்போதே வாழையிலையில் ஒரு கட்டு கீரை தயாராக இருக்கும். கூடவே ஒரே கேள்வி: “கண்ணு எப்படி இருக்கு?” மஞ்சள் என்பேன், கொஞ்சம் மஞ்சள் என்பேன். “வெள்ளையாயிடுச்சுக்கா” என்று நான் சொன்ன அன்று, வாய்க்காலில் இறங்கி நெடுநேரம் முகம் கழுவினாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அக்கா! எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால்? பயத்தில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். மணையில் அக்கா குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். மாமா தாலியோடு குனிந்தபோது மட்டும் தலையை நிமிர்த்தி, அவர் கண்களையே நேராகப் பார்த்தாள்.

“கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்கா பாரு இந்தப் பொண்ணுக்கு!” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் அவளுக்காகக் கூச்சமாக இருந்தது. நல்லவேளையாக அவள் மெல்லச் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவழியாக வெட்கம் வந்துவிட்டது என்று நானும் நிம்மதியானேன்.