சீம்பால் கொண்டு வந்தவள்

எங்கள் சமையலறை மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. மூடியில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பெயரில் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. யாராவது கேட்டால், பழைய பாத்திரக் கடையில் வாங்கியது என்று சொல்லிவிடுவேன். பொய் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே அதில் நல்ல பழக்கம்.

எண்பதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனியில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாரிஸ் கார்னர் பக்கம் ஆபீஸ் வேலை, காலையில் எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்தால் சாயங்காலம்தான் வருவார். காலனி முழுக்க மாசச் சம்பளக்காரர்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். எங்கள் ஆட்கள் அதை "வில்லேஜ்" என்பார்கள், ஏதோ நாங்கள் எல்லோரும் லண்டனிலிருந்து வந்து இறங்கிய மாதிரி. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு கரையும் நாலைந்து எருமைகளும்தான்.

பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசியில் ஒரு மதியம், திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கரையோரம் ஒரு மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கினேன். அடுத்திருந்த கூரை வீட்டுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். அவள் வீடு வீடாகப் பால் ஊற்றப் போகும்போது தெருவில் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆவின் பூத் பால் என்பதால் பேசியது கிடையாது.

"அவரு நர்ஸம்மாவ இட்டாரப் போயிகீறாரு. தண்ணில சைக்கிள் எங்க மாட்டிக்கினுதோ தெரில. நீ போவாத கண்ணு, கொஞ்சம் இங்கயே இரு" என்றாள்.

இருந்தேன். ஓடியிருப்பேன், ஆனால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்புறம் நடந்ததெல்லாம் அவள் சொல்லித்தான் நடந்தது. வலிக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு உத்தரவு போட்டாள். துணியை எடு. முன்னால் வந்து உட்கார். "இழுக்காத. சும்மா கையில வாங்கிக்கோ. வழுக்கும், பார்த்து." குழந்தை என் இரண்டு கையிலும் வந்து விழுந்தது. ஒரு நொடி சும்மா இருந்தது. பிறகு அழுதது. நானும் அழுதேன். என் தாவணியில் சுற்றி அவள் வயிற்றின் மேல் வைத்தேன். கால் மணி நேரம் கழித்து நர்ஸம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்து மற்றதையெல்லாம் பார்த்தார்.

கையைக் கழுவிக்கொண்டே நர்ஸம்மா கேட்டார், "பயந்து எழுந்து ஓடலையே நீ. பிரசவம் பார்க்கறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, ஒன்றரை வருஷம். சேர்றியா?" அவர் கேட்காவிட்டாலும் நானே கேட்டிருப்பேன். குழந்தை சும்மா இருந்த அந்த ஒரு நொடியிலேயே எனக்கு முடிவாகிவிட்டது. வாழ்நாளில் வேறு எதையும் நான் அவ்வளவு நிச்சயமாக விரும்பியதில்லை.

அம்மாவிடம் சேற்றில் விழுந்துவிட்டேன் என்று சொல்லித் தாவணியை நானே துவைத்தேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது கிளாஸ் முடிந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவேன். அவளை அக்கா என்று கூப்பிட்டேன். பெண் குழந்தை. என் இடுப்பில் ஏறினால் இறங்காது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

சித்திரையில் அப்ளிகேஷன் வந்தது. அப்பா கையெழுத்து வேண்டும். கேட்டேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "டைப்ரைட்டிங் ஹையருக்குப் பணம் கட்டு. பேங்க் பரீட்சை எழுது. நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

அம்மா அவ்வளவு மரியாதையாகச் சொல்லவில்லை. "மருத்துவச்சி வேலைக்கா? தீட்டுத் துணி அலசறதுக்கா பிளஸ் டூ படிக்க வெச்சோம்? அதுக்குன்னு ஒரு சாதிக்காரங்க இருக்காங்கடி. நாளைக்கு உன்னைப் பார்க்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

"மருத்துவச்சி இல்லைம்மா, நர்ஸ்."

"நர்ஸுன்னா ஊசி போடுவா. இது வேற. எனக்குத் தெரியாதா?"

மருத்துவச்சி என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. நான் அந்த வேலைக்காக வாதாடவில்லை, கவனியுங்கள். அந்தச் சொல் இல்லை என்றுதான் வாதாடினேன். அப்போதே அம்மாவின் கட்சியில் பாதி சேர்ந்துவிட்டேன்.

அப்ளிகேஷன் அனுப்பப் பத்து நாள்தான் இருந்தது. அக்காவிடம் போய் அழுதேன். அவள் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு அழுவற? நான் வந்து உங்கப்பாகிட்ட சொல்றேன். எம் பொண்ண கையில வாங்குனவ நீ. நான் சொன்னா கேக்கமாட்டாரா?" ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வா, அப்பா வீட்டில் இருப்பார், என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தது நான். வீட்டு நம்பரைச் சொன்னதும் நான்தான். அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு அப்பாவின் சூப்பரின்டெண்டும் அவர் மனைவியும் வந்துவிட்டார்கள். பக்கத்தில் ஏதோ கல்யாணம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று. சூப்பரின்டெண்ட் நாற்காலியில், அந்த அம்மா பட்டுப்புடவையில், அப்பா அவர் வீட்டிலேயே நின்றுகொண்டு. நான் காபி கொண்டு வந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மட்டும் அவள் மறந்து தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சரியாகப் பத்து மணிக்கு வந்தாள். தலை நிறைய எண்ணெய், துவைத்த புடவை, இடுப்பில் குழந்தை, கையில் தூக்கு. எருமை கன்று போட்டிருந்தது, சீம்பால் கொண்டு வந்திருந்தாள். அம்மா கையில் தூக்கைக் கொடுத்துவிட்டு, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, தெருவுக்கே கேட்கும் குரலில் ஆரம்பித்தாள்.

"சார், உங்க பொண்ணு கை ராசியான கை சார். எனக்குப் பிரசவம் பார்த்ததே அதான். மருத்துவச்சிக்குப் படிக்கணும்னு ஆசையா கீது. தடுக்காதீங்க சார்."

அப்பா முகம் செத்துப்போயிற்று. சூப்பரின்டெண்ட் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்பா என்னைக் கேட்டார், "யாரும்மா இது?"

"தெரியலப்பா" என்றேன்.

திக்கவில்லை, திணறவில்லை. "வேற யார் வீடோன்னு நினைச்சு வந்துட்டாங்க போல" என்று சேர்த்தும் சொன்னேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பொய் தெரியாதே.

அக்கா என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஹாலில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். குழந்தை நீட்டிய கையை மடக்கி, அதை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா சார். வூடு மாறி வந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சரியான செருப்படி. சூப்பரின்டெண்ட் மனைவி, என் பொய்யைக் காதிலேயே வாங்காதவர் போலக் காபியை வைத்துவிட்டு, "ஏம்மா, நர்ஸிங் படிக்க ஆசையா? பிரசவ ட்ரெயினிங்தானே? எங்க அக்கா பொண்ணு அதான் படிச்சா. முடிச்ச கையோட கவர்மென்ட் போஸ்டிங். விடாதீங்க சார்" என்றார். அப்பா, "நாங்களும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கோம் மேடம்" என்றார். பொய் எங்கள் குடும்பச் சொத்து. மறுநாள் கையெழுத்துப் போட்டார். அக்கா வந்து வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அவள் கேட்டதுதான் எனக்குக் கிடைத்தது.

அம்மா அன்றைக்கே சீம்பாலை வெல்லம் ஏலக்காய் போட்டு அவித்தாள். விருந்தாளிகள் நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன். தூக்கைக் கழுவிக் கவிழ்க்கும்போது அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "பேர் வெட்டியிருக்கு. வீடு தெரியும்ல, கொண்டு போய்க் குடுத்துடு" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு தடவை தூக்கோடு ஏரிக்கரை வரை போனேன். இரண்டு தடவையும் கொட்டகை கண்ணில் பட்டதும் திரும்பிவிட்டேன். பிறகு ட்ரெயினிங், ஹாஸ்டல். முதல் லீவில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனால், கரையோரம் மனை பிரித்து அளவுக்கல் நட்டிருந்தார்கள். அக்காவும் புருஷனும் மாடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கரணைப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து எனக்கே அந்தப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை. அதற்குள் எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியிருந்தேன். கர்ப்பிணிகளுக்கு அட்டை போடும் நாள் ஒன்றில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தேன். அக்கா. இளைத்திருந்தாள். ஆறாவது மாதம்.

கை பழக்கத்தில் எழுதியது. பெயர் என்ற இடத்தில் பெயரை எழுதினேன், தூக்கு மூடியில் வெட்டியிருந்த அதே மாதிரி.

"பேரு நான் இன்னும் சொல்லவே இல்லீங்களே சிஸ்டர்" என்றாள்.

கண்ணு இல்லை, நீ இல்லை. சிஸ்டர். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், அட்டையில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன். "முதல் பிரசவம் எங்க?"

"வூட்லதாங்க."

"யார் பார்த்தாங்க?"

"தெரியாதுங்க" என்றாள். குத்திக்காட்டிய மாதிரி இல்லை. நான் கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது. நானும் அப்படியே எழுதினேன்.

அட்டையை வாங்கிப் பார்த்த லேடி டாக்டர் சத்தம் போட்டார். "யார் பார்த்தாங்கன்னே தெரியாதா? தெரியாத ஆள் கையிலயா உசுரைக் குடுப்பீங்க? ஏதாவது ஆயிருந்தா யாரைப் போய்க் கேப்பே?"

நான் பி.பி. பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் மேடம் என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

"ஒண்ணும் ஆவலம்மா" என்றாள் அக்கா, தலையைக் குனிந்துகொண்டு. "யாரோ ஒரு பொண்ணு. நல்லாத்தான் கையில வாங்கிச்சு. அதும்மேல தப்பு இல்ல."

பம்பை அமுக்கினேன். எண்ணைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்படியா" என்றார், அடுத்த அட்டையை எடுத்தார். அடுத்த மாதம் தூக்கைத் தேய்த்துப் பையில் போட்டு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பிரசவத்துக்கு வேறெங்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். எங்கே போனாலும் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்டியிருப்பாள். முந்தைய பிரசவம் பார்த்தவர்: தெரியாதவர். அதில் இருப்பது என் கையெழுத்து.